தாரிக் பாய் கேட்ட கேள்வி

மகனுக்கு உன் வாப்பாவின் ஸலாம். போன வெள்ளிக்கிழமை பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்து போனேன் அல்லவா, அதற்காக உன் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் ஆசையாக ஆக்கிய வஞ்சிர மீன். உன்னிடம் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. சவூதியில் யான்புவில் வேலை கிடைத்துவிட்டது என்றாய், அல்ஹம்துலில்லாஹ், சந்தோஷம். குடும்பத்தோடு வருகிறாயா, தனியாளாக வருகிறாயா என்று கம்பெனி கேட்டதற்குத் தனியாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாய். மருமகளைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பி அப்படியே தாய்வீட்டில் விட்டுவிடலாம், வீட்டு வாடகை மிச்சம், கம்பெனி கேம்பில் சாப்பாடு இலவசம் என்றாய். "ரெண்டே வருஷம் வாப்பா, கண்ண மூடித் தொறந்தா ஓடிரும்" என்றாய். அந்த இடத்தில்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பேச்சை அச்சுப் பிசகாமல் நான் ஒருமுறை பேசியிருக்கிறேன், உன் உம்மாவிடம், நம் ஊர் பஸ் நிலையத்தில், நீ அவள் இடுப்பில் இருந்தபோது.

நேரில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் நேரில் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்? உனக்கு நினைவிருக்காது, உன் உம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ ஆறு வயதில் ஷார்ஜா வந்து இறங்கியபோது, வாப்பா என்பவர் உனக்கு டேப் ரெக்கார்டருக்குள் இருக்கும் ஒரு குரல். அந்தக் காலத்தில் போனில் பேசக் கட்டுப்படியாகாது. கேசட்டில் பேசி, லீவில் ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். அதைப் போட்டு, "வாப்பா சொல்றாங்க பாரு, பாலக் குடி" என்று உம்மா சொன்னால் மடக் மடக்கென்று குடித்துவிடுவாயாம். இங்கே வந்த பிறகு, மீசையும் வியர்வையுமாக எதிரே நின்று நான் சொன்ன எதையும் நீ கேட்கவில்லை. உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். கடைசியில் நான் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "வாப்பா பேசுறேன், தட்டுல உள்ள சோத்தச் சாப்பிடு தங்கம்" என்று பதிவு செய்து எடுத்துவந்து போட்டேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாய். உன் உம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன். ஒரு பெட்டியின் மேல் பொறாமைப்பட்ட ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன். இந்த வாரம் பர் துபாயில் வெற்றுக் கேசட் கேட்டுக் கடை கடையாக ஏறினேன். ஒரு கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காக்கா, இப்ப யாரு அதெல்லாம் வாங்குறா, சிடி தரவா?" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் வாப்பா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், "கம்பெனியில இருந்தாங்க" என்று மழுப்புவாய், எனக்குத் தெரியும். மழுப்பாதே. நான் பவுலர். டிவியில் வந்த பவுலர் இல்லை, வெள்ளிக்கிழமை பவுலர். அப்போது இங்கே பெரிய கம்பெனி ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரிக்கெட் டீம் இருந்தது. முதலாளிகளுக்குள் போட்டி. கம்பெனி வேலைக்கென்று விசா கொடுப்பார்கள், ஆனால் சம்பளம் வெள்ளிக்கிழமை காலையில் பந்து போடுவதற்குத்தான். மற்ற நாட்களில் கோடவுனில் பெட்டி அடுக்குவதாகப் பாவனை. சீசனில் விக்கெட் விழுந்தால் கைகுலுக்கல், பிரியாணி. விழாவிட்டால் விசா கொடுத்த முதலாளி, அந்த கஃபீல், அதை கான்சல் செய்வார், கலாஸ், கதை முடிந்தது. பிஸ்கட் கம்பெனி, பெயின்ட் கம்பெனி, ஏசி ரிப்பேர் கம்பெனி என்று மாறிக்கொண்டே இருந்தேன். பெரிய வேகமெல்லாம் கிடையாது. சிமென்ட் தரைமேல் கயிற்றுப்பாய் விரித்திருக்கும் பிட்சில், பந்தை விரலால் உரசிவிட்டால் பாயைத் தொட்டதும் சட்டென்று திரும்பும். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டுதான் நம் வீட்டில் இத்தனை வருஷம் உலை கொதித்தது.

பவுலர் என்று எந்தக் கம்பெனியும் என் பாஸ்போர்ட்டில் எழுதியதில்லை. அவர்களிடம் எந்த விசா மிச்சமோ அதுதான் என் தொழில். தச்சனாக இருந்திருக்கிறேன், கொத்தனாராக இருந்திருக்கிறேன். பிளம்பராக இருந்த வருஷம், விசாவை எட்டிப் பார்த்த பக்கத்து அறை மலையாளி குழாய் ஒழுகுகிறது என்று வந்து நின்றார். கௌரவத்தை விட முடியாமல் ஸ்பேனரை வாங்கினேன். நான் திருகிய திருகில் கீழ்வீட்டுக்காரனின் கட்டில் மிதந்தது. இதையெல்லாம் சொல்லி உன்னைச் சிரிக்க வைத்திருக்கிறேன், ஆனால் இதில் இருந்த முள்ளைச் சொன்னதில்லை. கூலி வேலை விசாவில் இருப்பவன் குடும்பத்தை வரவழைக்க முடியாது. குறைந்தபட்சம் கிளார்க் என்றாவது எழுதியிருக்க வேண்டும். நான் கம்பெனி விட்டுக் கம்பெனி தாவியது சம்பளத்துக்காக என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், உன் பெரியப்பா உட்பட. எங்கேயாவது ஒருவன் கிளார்க் என்று எழுதித் தர மாட்டானா என்றுதான் நான் தாவிக்கொண்டிருந்தேன். ரெண்டே வருஷம் என்று சொல்லிவிட்டு வந்தது இப்படியே இழுத்துக்கொண்டு போனது.

நீ போகப்போகும் யான்புவில் நானும் ஒரு சீசன் இருந்திருக்கிறேன். ரிஃபைனரியில் கான்ட்ராக்ட் எடுத்த ஒரு கம்பெனிக்குப் பந்து போட்டேன். செங்கடல் காற்று பந்தை அது நினைத்த பக்கம் கொண்டுபோகும், பேட்ஸ்மேனைவிடக் காற்றைத்தான் அதிகம் திட்டினேன். ஊரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல ஊர், சுத்தமான ஊர். அங்கிருந்துதான் லீவுக்கு வரும்போது உனக்கு ஒரு தோல் செருப்பு வாங்கினேன். கடைக்காரன் என்ன சைஸ் என்றான். எனக்குத் தெரிந்தது முந்தைய லீவில் பார்த்த பாதம். உள்ளங்கையை விரித்துக் காட்டி, அதற்கும் கொஞ்சம் கூடுதலாக எடுத்தேன். ஊரில் அதைப் போட்டுக்கொண்டு நீ குதிகால் வெளியே தொங்கத் தொங்க நடந்தாய். கழற்று என்றால் கழற்றவில்லை, குதிகால் புண்ணான பிறகும் கழற்றவில்லை. யான்புவில் சாயங்காலமானால் குடும்பத்தோடு இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் நடப்பார்கள். எங்கள் கேம்ப் பஸ் அந்த வழியாகத்தான் திரும்பும். டியூட்டி முடிந்த அலுப்பில் தூங்கிக்கொண்டு வருகிறவன்கூட அந்த இடம் வந்ததும் விழித்துவிடுவான். கம்பெனி உன்னிடம் கேட்டது, நீ பஸ்ஸுக்குள் இருக்கிறாயா கடற்கரையில் இருக்கிறாயா என்றுதான். நீ உன் வாயால் பஸ் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

யான்புவுக்குப் பிறகு ஷார்ஜாவில் ஒரு குழாய்க் கம்பெனி என்னை எடுத்தது. அதன் மேனேஜர் கமலேஷ் பாய்க்கு ஒரு லாரி கம்பெனி டீமிடம் தோற்றுத் தோற்று வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஃபைனலுக்கு முந்தைய நாள் கோடவுனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கப் லே ஆவ், கிளார்க் விசா லே லோ" என்றார். கோப்பையைக் கொண்டுவா, கிளார்க் விசாவை வாங்கிக்கொள். "பீவி பச்சே கோ புலா லோ." பெண்டாட்டி பிள்ளையை வரவழைத்துக்கொள். உன்னை நான் அதுவரை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்ததே சில மாதங்கள்தான். அன்று அஸர் தொழுகையில் நான் என்ன கேட்டிருப்பேன் என்று நீயே நினைத்துக்கொள்.

லாரி கம்பெனி டீமில் தாரிக் பாய் என்றொருவர், பாகிஸ்தானில் சியால்கோட்காரர். நல்ல உயரம், எப்போதும் சிரிப்பு. எதிரணியாக இருந்தாலும் இடைவேளையில் தன் பிளாஸ்க் டீயை எனக்கு ஊற்றிக் கொடுப்பார். அவரும் என்னைப் போல விசாவுக்கு ஒரு தொழில், வெள்ளிக்கிழமைக்கு ஒரு தொழில். ஃபைனலில் அவர் அடித்த அடியில் எங்கள் கைகள் சிவந்துவிட்டன. கடைசி ஓவர் என் கைக்கு வந்தது. அவர்களுக்கு நாலு ரன் வேண்டும், எங்களுக்கு ஒரே ஒரு விக்கெட். பேட்டிங் முனையில் மட்டையைத் துடைப்பம் மாதிரிப் பிடித்த ஒரு ஸ்டோர்கீப்பர். தாரிக் பாய் நான் பந்து போடும் முனையில் நின்றார். எப்படியாவது ஓடி அந்தப் பக்கம் போய்விட்டால் அவரே அடித்து முடித்துவிடுவார். அதனால் பந்து என் கையை விட்டுப் போவதற்கு முன்பே கோட்டைத் தாண்டி ஓடத் தொடங்கியிருந்தார். "தாரிக் பாய், லைன்" என்று ஒருமுறை எச்சரித்தேன். "அரே யார், பால் டாலோ" என்று சிரித்தார், அட பந்தைப் போடப்பா என்று. அடுத்த பந்துக்கும் அப்படியே கிளம்பினார். ஓடிவந்த நான் கையைத் தூக்கவில்லை. நின்றேன். திரும்பி ஸ்டம்ப் மேலிருந்த பெயில்ஸைத் தட்டிவிட்டு அம்பயரிடம் அவுட் கேட்டேன்.

சட்டப்படி அது அவுட். ஆனால் யாரும் செய்ய மாட்டார்கள், செய்தால் கேவலம் என்பது விளையாடுகிறவர்களுக்குள் ஒரு பேச்சு. அம்பயர் எங்கள் கேப்டனிடம் வந்து, "அப்பீலை வாபஸ் வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். கேப்டன் என்னைப் பார்த்தார். உன் இஷ்டம் என்ற பார்வை. வாபஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் என் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்கள். எனக்கு உன் குதிகால் ஞாபகம் வந்தது மகனே. "அவுட்தான்" என்றேன். அம்பயர் விரலைத் தூக்கினார். எங்கள் டீமிலேயே ஒருவரும் கைதட்டவில்லை, கமலேஷ் பாய் மட்டும் நிழற்குடையின் கீழே எழுந்து நின்று தட்டினார். தாரிக் பாய் கையுறைகளைக் கழற்றினார், என்னை ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கமலேஷ் பாய் சொன்ன சொல் தவறவில்லை. கிளார்க் விசா வந்தது, அதை வைத்து நீங்கள் வந்தீர்கள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் உன் உம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்குக் கிரிக்கெட் என்றால் பூசணிக்காயா புடலங்காயா என்றே தெரியாது. "கோட்டுக்குள்ளாற நிக்க வேண்டிய மனுசன் நின்னிருக்கலாமுல்ல மச்சான்? நீங்க எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வர்றீய?" என்றாள். அவளுடைய தீர்ப்பு அன்றோடு முடிந்தது. மைதானத்தில் முடியவில்லை. எந்த டீமுக்குப் போனாலும் நான் ஓடிவரும்போது பவுண்டரியிலிருந்து "சோர், சோர்" என்று யாராவது கத்துவார்கள். திருடனாம். அந்தப் பெயரோடுதான் தோள்பட்டை விட்டுப்போகும் வரை பந்து போட்டேன்.

உனக்குப் பதினைந்து வயதில், ஸ்கூல் மேட்சில் எவனோ ஒருத்தனின் தகப்பன் உன்னைக் காட்டி, இவன் வாப்பாதான் அந்த ஆள் என்று சொல்லிவிட்டான். நீ வீட்டுக்கு வந்து கிட் பையை வீசி எறிந்தாய். "இட்ஸ் நாட் ஃபேர் வாப்பா. ஒய் டிட் யூ டூ தட்?" என்று கத்தினாய். கோபம் வந்தால் உனக்கு இங்கிலீஷ்தான் வரும். "ரூல்ல இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு நீ பந்தைத் தொடவில்லை. என்னைவிட நன்றாகப் பந்தைத் திருப்புகிறவன் நீ, அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். அன்றைக்கு உன் உம்மா, "புள்ளக்கிட்ட உள்ளதச் சொல்லிட வேண்டியதுதானே" என்று என்னைப் பிய்த்து எடுத்தாள். உன்னை என் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் செய்தேன் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிக்காட்டுவதா? அதை நீ எங்கே கொண்டுபோய் வைப்பாய்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். நீ என்னைத் திருடன் என்று நினைத்தாலும் என் வீட்டிலிருந்து நினைக்கிறாயே என்று தேற்றிக்கொண்டேன்.

உன் கல்லூரிக் காலத்தில் நான் தோஹா போய்வந்தது நினைவிருக்கிறதா? இப்போது இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி அனுப்பியது. இந்த வேலையில் விசாவில் எழுதியிருப்பதும் நான் பார்ப்பதும் ஒன்றே, அதுவே எனக்கு இன்னும் பழகவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தோம். ஒரு டிரெய்லருக்கு அடியிலிருந்து உயரமாக ஒரு மனிதர் வெளியே வந்தார். தாடி நரைத்திருந்தது. பார்த்ததும் இருவருக்கும் தெரிந்துவிட்டது. கையெல்லாம் கிரீஸ் என்பதால், மெக்கானிக்குகள் செய்வதுபோல மணிக்கட்டை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீ சொன்னார். அதே பழைய வழக்கம், முதல் கோப்பை எனக்கு.

டயர் மேல் உட்கார்ந்து குடித்தோம். "வாபஸ் லே சக்தே தே" என்றார், நீ அப்பீலை வாபஸ் வாங்கியிருக்கலாம் என்று. குரலில் கோபமில்லை. நான் கமலேஷ் பாய் சொன்னதைச் சொன்னேன், கிளார்க் விசாவைச் சொன்னேன், செருப்பைக்கூடச் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார். "பச்சே ஆ கயே?" பிள்ளைகள் வந்து சேர்ந்தார்களா? வந்துவிட்டார்கள் பாய், மகன் இன்ஜினியரிங் படிக்கிறான் என்றேன். தலையை ஆட்டினார். அந்த வருஷம் தனக்கும் அதே வாக்கு இருந்தது என்றார். லாரி கம்பெனி முதலாளியும் கோப்பையைக் கொண்டுவந்தால் குடும்ப விசா என்று சொல்லியிருக்கிறார். தோற்றதும் டீமைக் கலைத்து எல்லாரையும் கான்சல் செய்துவிட்டார். ஊருக்குப் போய், கடன் வாங்கி, மெக்கானிக்காக தோஹா வந்து, அன்றிலிருந்து தனியாள்தான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், லீவில் போனால் விருந்தாளிக்கு எடுத்துவைப்பதுபோல நல்ல கோப்பையில் டீ கொண்டுவந்து தருகிறார்களாம். அதைச் சொல்லும்போதும் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தொடையில் தட்டினார், என் வெள்ளைப் பேன்ட்டில் கிரீஸ் அப்பிக்கொண்டது. "சலோ, ஏக் கே தோ ஆயே" என்றார். போகட்டும், ஒருவனுடைய பிள்ளையாவது வந்தது.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதே ஓவர், அதே ஆள், அதே கோடு என்றால் நான் மறுபடியும் பெயில்ஸைத் தட்டுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், எனக்கு உன் கூட இருந்த இந்த வருஷங்கள் வேண்டும். உன் காய்ச்சல் வேண்டும், உன் கணக்கு மார்க்குக்காகப் போட்ட சண்டை வேண்டும், ஒவ்வொரு பள்ளிக்கூடத் தொடக்கத்திலும் உன் காலைக் கடையில் நேரடியாக அளந்து ஷூ வாங்கியது வேண்டும். நான் ஒரு நல்ல மனிதனை மைதானத்தை விட்டு வெளியேற்றி வாங்கிய இடம் அது. உனக்கு அதே இடத்தைக் கம்பெனி தட்டில் வைத்து நீட்டுகிறது, நீ யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அதை நீ வாடகை மிச்சம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

நம் ஊர் வழக்கம் என்பாய். பெண் தாய்வீட்டில் இருப்பாள், ஆண் கப்பலேறிப் போவான், எல்லாருமா கெட்டுப்போனார்கள் என்பாய். யாரும் கெட்டுப்போகவில்லை, எல்லாரும் நன்றாகத்தான் சம்பாதித்தார்கள். நீ உன் பெண்டாட்டியைக் கேட்டாயா? அன்று நான் எழுந்துபோன பிறகு உம்மா அவளைக் கேட்டிருக்கிறாள். "அவங்க சொன்னா சரிதான் மாமி" என்றாளாம், வயிற்றைத் தடவிக்கொண்டு. பஸ் நிலையத்தில் உன் உம்மாவும் என்னிடம் "சரிதான்" என்றுதான் சொன்னாள். அந்தச் சரிதானுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய ஆறு வருஷமாயிற்று. பிரசவத்துக்கு ஊருக்குப் போகட்டும், அவள் உம்மா பார்த்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. நாற்பது நாள் கழிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யான்பு வரட்டும். சின்ன வீடாக இருந்தால் என்ன, நாம் ஷார்ஜாவில் ஒற்றை அறையில் இருந்தபோது நீதான் கட்டிலுக்கு அடியில் மைதானம் வைத்து விளையாடியவன். இப்போது செல்போன் இருக்கிறது, தினமும் பேசிக்கொள்ளலாம் என்று என்னிடம் சொல்லாதே. நான் குரலாக இருந்து பார்த்தவன். பிள்ளை குரலுக்குக் கீழ்ப்படியும், ஆனால் பயந்தால் ஓடிவந்து ஒளிந்துகொள்வது முந்தானைக்குப் பின்னால்தான்.

அடுத்த மாதம் மறுபடியும் தோஹா போகிறேன். தொழிற்பேட்டை வழியாகத்தான் வேலை. தாரிக் பாய் லாரிக்கு அடியிலிருந்து வருவார், மணிக்கட்டை நீட்டுவார், முதல் கோப்பையை எனக்குக் கொடுப்பார். மகன் என்ன செய்கிறான் என்பார். யான்புவில் இன்ஜினியர், கல்யாணமாகிவிட்டது, பிள்ளை பிறக்கப் போகிறது என்று பெருமையாகச் சொல்வேன். அந்த மனிதர் அடுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார், பெண்டாட்டி பிள்ளையும் அங்கே போகிறார்களா என்று. நான் அவருக்கு என்ன பதில் சொல்லட்டும் மகனே?